வேறு துறையிலிருந்து வந்து சாஃப்ட்வேர் தொழில் தொடங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டட அமைப்புப் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு, சிறிய பல் கிளினிக்குகளுக்கு சாஃப்ட்வேர் செய்து தரும் தொழிலுக்கு வந்தவன் நான். நான் நிரல் எழுதப் படித்தவனும் இல்லை, பல் மருத்துவம் படித்தவனும் இல்லை. இப்படித் துறை மாற நினைக்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு இரண்டு வரியிலும் பதில் இருக்கும். எது கடினமோ அதற்கு இடம் கொடுத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவர் சாஃப்ட்வேர் தொழில் தொடங்க முடியுமா?

முடியும், பலர் செய்திருக்கிறார்கள். இணையத்தில் டிசைன் செய்ய உதவும் கேன்வாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான மெலனி பெர்கின்ஸ் நிரலாளர் இல்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது சக மாணவர்களுக்கு டிசைன் மென்பொருள் சொல்லிக்கொடுத்தவர். அந்த மென்பொருள்களைப் பழகுவதற்குள் மாணவர்கள் படும் பாட்டை நேரில் பார்த்தவர். 2007-ல் பள்ளி ஆண்டு மலர் வடிவமைக்க மட்டும் உதவும் ஒரு சிறிய மென்பொருளோடு தொடங்கினார்; கேன்வா வந்தது 2013-ல். 1983-ல் இன்ட்யூட் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்காட் குக், அதற்கு முன் பிராக்டர் அண்ட் கேம்பிளில் மார்க்கெட்டிங் பார்த்தவர். வீட்டு பில்களைக் கட்டிக் கணக்கு வைப்பது எவ்வளவு தொல்லை என்று மனைவி சொன்னதிலிருந்துதான் குவிக்கன் என்ற வீட்டுக் கணக்கு மென்பொருள் பிறந்தது. நிரல் எழுத அவருக்கு டாம் ப்ரூ என்ற இளைஞர் கிடைத்தார். அலுவலகக் குழுக்கள் பேசிக்கொள்ளும் செயலியான ஸ்லாக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் படித்தது தத்துவம்.

இந்தப் பெயர்களைச் சொல்லி தைரியம் கொடுப்பதோடு நிறுத்த எனக்கு மனமில்லை. பெர்கின்ஸும் குக்கும் முதலில் கையில் வைத்திருந்தது, இன்னொருவர் ஒரு வேலையைச் செய்யும்போது எங்கே திணறுகிறார் என்கிற துல்லியமான அறிவு. நிரல் அதற்கு அப்புறம்தான் வந்தது. அந்த அறிவு உங்களிடம் இல்லையென்றால், நிரல் தெரியாதது உங்கள் இரண்டாவது பிரச்சினை.

அப்படியென்றால் நிரல் எழுதக் கற்றுக்கொள்ளவே வேண்டாமா?

வேண்டும், ஆனால் நிபுணராகும் அளவுக்கு இல்லை. தகவல் அட்டவணைகளாக எப்படிச் சேமிக்கப்படுகிறது, ஒரு அட்டவணைக்கும் இன்னொன்றுக்கும் எப்படி உறவு வைக்கிறார்கள் என்பதைக் கட்டாயம் படியுங்கள். கூடவே, அந்த அட்டவணைகளிடமிருந்து தகவல் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்-லில் சாதாரணக் கேள்விகள் கேட்கப் பழகுங்கள். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட் எப்படி வேலை செய்கிறது, யார் எந்த மாற்றத்தை எப்போது செய்தார் என்று பார்ப்பது எப்படி என்பதும் தெரிய வேண்டும். இவ்வளவு தெரிந்தாலே உங்கள் நிரலாளர் "இது நாலு வாரம் ஆகும்" என்று சொல்லும்போது, ஏன் என்று கேட்டு அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள முடியும்.

ஒரு சின்ன உதாரணம். பெரும்பாலான நிரல்மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் தசம எண்களாகக் கூட்டினால் விடை 0.30000000000000004 என்று வரும். கணினி அவற்றை இரும எண்களாகச் சேமிப்பதால் வரும் நுண்ணிய பிசகு அது. அதனால்தான் பணத்தைச் சில்லறைக் கணக்கில் முழு எண்ணாகவோ, அதற்கென்றே இருக்கும் துல்லியமான தசம வகையிலோ சேமிக்கிறார்கள். இது தெரியாமல் கட்டிய பில் மென்பொருளில், என்றைக்காவது ஒருநாள் மொத்தத் தொகையும் தனித்தனித் தொகைகளின் கூட்டலும் ஒத்துப்போகாது. ஒருமுறை அப்படி நடந்தாலும் போதும், கணக்காளர் உங்கள் மென்பொருளை நம்பமாட்டார். இந்த மாதிரி விஷயங்களை நீங்களே எழுத வேண்டாம். கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரல் எழுதித் தருகின்றனவே, இனி நிரலாளர் தேவையா?

மாதிரி வடிவம் காட்ட, ஒரு யோசனையை வேகமாகச் சோதிக்க, அவை பெரிய உதவி. இது போன்ற கருவிகள் முன்பே இருந்திருந்தால் எங்கள் ஆரம்ப மாதங்கள் வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் வாடிக்கையாளரின் தகவல் உள்ளே வந்த நாளிலிருந்து, ராத்திரி ஏதாவது உடைந்தால் எங்கே உடைந்தது என்று படித்துப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு மனிதர் வேண்டும். அப்புறம், கிளினிக்கில் என்ன நடக்கிறது என்பதை அந்தக் கருவிக்கு யாராவது சொன்னால்தானே தெரியும். அதைச் சொல்கிற ஆள் நீங்கள்தான். அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு துறையை எப்படிக் கற்றுக்கொள்வது?

பக்கத்தில் போய் உட்கார்ந்துதான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படித்துவிட்டுப் போவதென்றால் இதைப் படியுங்கள்.

பேட்டி எடுப்பது, கேள்வித்தாள் அனுப்புவது எல்லாம் இதற்கு ஈடாகாது. தினமும் செய்கிற வேலையை யாராலும் முழுதாக விவரிக்க முடியாது. பழகிப்போன பகுதி அவர்கள் கண்ணுக்கே தெரியாது. "அப்பாயின்ட்மென்ட் எப்படிக் கொடுப்பீர்கள்?" என்று ஒரு கிளினிக்கில் கேட்டால், "போன் வரும், நேரம் பார்த்துக் கொடுப்போம்" என்பார்கள். அதோடு முடிந்தது.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது நான் பார்த்தது வேறு. அங்கே இருந்த அம்மா அப்பாயின்ட்மென்ட் நோட்டில் எழுதப் பேனாவைத் தொடவேயில்லை, எல்லாம் பென்சில். காலையில் ஒரு வரி, மாலையில் ஒரு வரி காலியாக விட்டிருந்தார். யார் கேட்டாலும் அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை. டாக்டரின் ஓய்வு நேரமா என்று கேட்டேன். "இல்ல சார், திடீர்னு பல்வலின்னு யாராவது வருவாங்கல்ல, அவங்கள எங்க உக்கார வைக்கிறது?" என்றார். சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். அவர்கள் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்களாம், அதனால் அவர்களுக்கு அடுத்து சீக்கிரம் முடிகிற வேலையாகப் பார்த்துப் போட்டிருந்தார். சில பெயர்களுக்குக் கீழே கோடு: லேபிலிருந்து கேப் வந்துவிட்டதா என்று முந்தின நாளே போன் செய்து கேட்க வேண்டியவர்கள். பல்லுக்கு மாட்டும் கேப் வராமல் நோயாளி மட்டும் வந்து நின்றால் டாக்டரின் அரை மணி நேரம் வீண்.

சந்தையில் இருந்த பல மென்பொருள்களில் அந்த நோட்டுக்குச் சமமான எதுவும் இல்லை. நாள் முழுக்கச் சம அளவுக் கட்டங்கள், காலியாக இருந்தால் யாருக்கும் கொடுக்கலாம், அவ்வளவுதான். காலி வரி, வட்டம், கோடு இந்த மூன்றையும் திரைக்குக் கொண்டுவந்ததுதான் எங்கள் மென்பொருளை அந்த மேசையில் நிற்க வைத்தது.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. 1972-ல் ஐபிஎம்மிலிருந்து வெளியே வந்த ஐந்து பேர் தொடங்கிய எஸ்ஏபி என்ற தொழில் மென்பொருள் நிறுவனத்தின் முதல் வாடிக்கையாளர், ஜெர்மனியின் ஆஸ்ட்ரிங்கனில் இருந்த ஐசிஐ நைலான் ஆலை. தங்களுக்கென்று சொந்தக் கணினி இல்லாத அவர்கள், வாடிக்கையாளரின் இடத்துக்கே போய், அவர்களுடைய கணினியில்தான் சம்பளக் கணக்கும் கணக்கியலும் எழுதினார்கள். கேட்க வேண்டிய ஆள் அடுத்த அறையில் இருந்தார். இன்ட்யூட்டில் இதையே ஒரு வழக்கமாக வைத்திருந்தார்கள்: கடையில் குவிக்கன் வாங்குகிறவரிடம் அனுமதி கேட்டு, அவர் வீட்டுக்கே போய், பெட்டியைப் பிரித்து நிறுவுவதிலிருந்து உதவி செய்யாமல் வெறுமனே பார்ப்பார்கள். நிறையப் பேர் குவிக்கனை வீட்டுக் கணக்குக்கு இல்லாமல் சிறு தொழில் கணக்குக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியவந்தபோது, இன்ட்யூட்டில் முதலில் அதை நம்பவே தயங்கினார்கள். தொழில் கணக்குக்கென்றே இருந்த மென்பொருள்களை அந்த முதலாளிகள் தவிர்த்ததற்குக் காரணம் எளிது. பற்று வரவு முறையே அவர்களுக்குத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் விருப்பமில்லை. 1992-ல் வந்த குவிக்புக்ஸ் என்ற சிறு தொழில் கணக்கு மென்பொருள் அதன் விளைவு.

அந்தத் துறையின் ஆட்களே சொல்லாமல் விட்டுவிடும் விஷயங்களை எப்படிப் பிடிப்பது?

அவர்கள் எண்ணாகவும் சுருக்கமாகவும் எழுதுகிற ஒவ்வொன்றையும் நிறுத்திக் கேளுங்கள். எங்கள் துறையில் பல்லின் எண் அப்படி ஒன்று. உலகில் பல இடங்களில் பயன்படும் எஃப்டிஐ (உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு) முறையில் 11 என்றால் மேல் வரிசையில் வலது பக்க முன்பல். அமெரிக்காவில் வழங்கும் யுனிவர்சல் முறையில் 1 முதல் 32 வரை வரிசையாக எண் வரும். அதில் 11 என்றால் மேல் இடது கோரைப்பல். ஒரே எண், வாயின் வேறு பக்கம். போதாக்குறைக்கு, இந்த வலது இடது எல்லாம் நோயாளியின் வலது இடது. திரையில் வரையும்போது எதிரே நின்று பார்ப்பது போல் வரைவதால், வலது பக்கப் பற்கள் திரையின் இடதுபுறம் வரும். குழந்தைகளின் பால் பற்களுக்கு எஃப்டிஐ முறையில் 51 முதல் 85 வரை தனி எண்கள் உண்டு, இடையில் சில எண்கள் இருக்காது.

படித்தவர்களுக்கு இது மூச்சு விடுவது போல இயல்பு, அதனால் சொல்லத் தோன்றாது. வெளியிலிருந்து வந்த நிரலாளர் 1, 2, 3 என்று போட்டுவிட்டால், வேறு கிளினிக்கிலிருந்து வந்த குறிப்பை ஏற்றும்போது திரையில் தவறான பல் நிறம் மாறி நிற்கும். பல்லைப் பிடுங்கும் வேலையில் அது சாதாரணப் பிழை இல்லை. உங்கள் துறையிலும் இப்படி ஒன்று நிச்சயம் இருக்கும். சரக்குப் போக்குவரத்தில் எடையின் அலகு, மருந்தில் அளவு, சம்பளத்தில் மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்பது. அதைக் கண்டுபிடித்த பிறகு வடிவமைப்பைத் தொடங்குங்கள்.

"நீங்கள் எங்கள் துறையைச் சேர்ந்தவர் இல்லையே" என்று சொன்னால் என்ன பதில் சொல்வது?

ஆமாம் என்று சொல்லுங்கள். தெரிந்த மாதிரி நடிப்பதுதான் கதவை மூடும். நான் முதல் சந்திப்பிலேயே என் பழைய தொழிலைச் சொல்லிவிடுவேன். அதனால் ஒரு நன்மையும் உண்டு: எதைக் கேட்டாலும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். துறைக்குள் இருப்பவர் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை நாம் தாராளமாகக் கேட்கலாம். அதே துறையில் மரியாதையுள்ள ஒருவரைச் சம்பளம் கொடுத்து ஆலோசகராக வைத்துக்கொள்வதும் அவசியம். நட்புக்காக இலவசமாகச் செய்கிறேன் என்பவரிடம் வாரத்துக்கு நாலு தடவை சந்தேகம் கேட்க முடியாது.

பழைய துறையில் செலவழித்த வருடங்கள் வீணா?

இல்லை. ஆனால் எது உதவும், எது தடுக்கும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு உதவியது, சரிபார்க்கும் பழக்கம். அமைப்புப் பொறியியலில் ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்து போட்ட பிறகுதான் வரைபடம் வெளியே போகும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எண்ணும் தேதியும் உண்டு. நிரலாளர்கள் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்ப்பது என்ற வழக்கம் எனக்குப் புதிதாகத் தெரியவேயில்லை. அதேபோல் ஒப்பந்தம்: எது வேலையில் அடக்கம், எது கூடுதல் என்று எழுத்தில் வைப்பது. வேறு துறைகளிலும் இப்படி உண்டு. ஒரு செவிலியருக்குப் பணி மாறும்போது அடுத்தவரிடம் என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தெரியும், ஆசிரியருக்கு எந்த இடத்தில் புரியாமல் போகும் என்று தெரியும். இவையெல்லாம் மென்பொருள் தொழிலில் விலை மதிப்புள்ளவை.

தடுத்தது, எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும் என்கிற எண்ணம். கான்கிரீட் ஊற்றிய பிறகு தூணை நகர்த்த முடியாது, அதனால் அங்கே வரைபடம் முழுதாக முடிந்த பிறகுதான் வேலை. திரையில் ஒரு பட்டனை நகர்த்துவது ஒரு மதிய நேரத்து வேலை. அதற்காக மூன்று மாதம் ஆவணம் எழுதிக்கொண்டிருந்தால், பயன்படுத்துகிறவர் சொல்ல வேண்டியதை நாம் ஊகித்து எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். ஆனால் தகவல் சேமிக்கும் அமைப்பு அப்படி இல்லை. ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு கிளினிக்தான் என்று வைத்துக்கொண்டு பல வருடத் தகவலைச் சேர்த்த பிறகு, "எங்களுக்கு இரண்டு கிளைகள்" என்று ஒருவர் வந்தால் வலி பெரிது. எதை மெதுவாக யோசிக்க வேண்டும், எதை வேகமாக மாற்றிப் பார்க்கலாம் என்று பிரிப்பதற்கு இந்த ஒரு வேறுபாடு எனக்குப் பெரிய வழிகாட்டி.

போட்டியாளர்களை எப்படி ஆராய்வது?

மற்ற நிறுவனங்களின் பட்டியலைப் போடுவதற்கு முன் நோட்டையும் எக்செல்லையும் எழுதுங்கள். சிறிய தொழில்களில் உண்மையான போட்டி அவைதான். விலை இல்லை, பயிற்சி வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு பத்தியை (நெடுவரிசையை) சேர்த்துக்கொள்ளலாம்.

அதனால் எக்செல் வைத்திருப்பவரைக் குறைவாக நினைக்கக் கூடாது. அந்தக் கோப்பை வாங்கிப் பாருங்கள். அதன் பத்திகளின் தலைப்புகளே உங்கள் வடிவமைப்பின் முதல் வரைவு. எங்கே நிறம் அடித்திருக்கிறார்கள், எங்கே குறிப்பு ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் எது அவர்களுக்கு முக்கியம் என்று புரியும். எக்செல் எந்த இடத்தில் கைவிடும் என்றும் தெரிந்திருங்கள். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டன. முடிவுகளைச் சேர்க்கப் பயன்படுத்திய பழைய எக்செல் கோப்பு வகையில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான் இடம் என்பதே காரணம். உங்கள் வாடிக்கையாளருக்கு அந்த அளவு வராது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறக்கும்போது, அல்லது கோப்பைப் பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுப் போகும்போதுதான் அவருக்குச் சிக்கல் வரும். அந்த நாளில் அவர் உங்களை நினைக்க வேண்டும்.

தொழில்நுட்பப் பார்ட்னர் தேடுவதா, வெளியாட்களிடம் கொடுப்பதா?

முடிந்தால் பார்ட்னர். மென்பொருள் ஒரு முறை கட்டி ஒப்படைக்கும் பொருள் இல்லை, அது இருக்கும்வரை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கேன்வாவுக்கும் கேமரன் ஆடம்ஸ் தொழில்நுட்பப் பார்ட்னராக வந்து சேர்ந்த பிறகுதான் வேகம் வந்தது.

பார்ட்னர் என்றால் பங்கு பிரிப்பதை முதல் வாரமே எழுத்தில் வையுங்கள். முழுப் பங்கும் ஒரே நாளில் கைக்கு வராமல், நான்கு வருடத்தில் சிறிது சிறிதாகச் சேரும்படியும், முதல் வருடம் முடிவதற்குள் விலகினால் எதுவும் கிடையாது என்றும் வைப்பது பரவலான வழக்கம். அது அவநம்பிக்கை இல்லை. இருவருக்கும் பாதுகாப்பு.

வெளியாட்களிடம் கொடுத்தால் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பணம் கொடுத்துவிட்டதாலேயே நிரல் உங்களுடையது ஆகிவிடாது. அமெரிக்கா உட்படப் பல நாடுகளில், ஊழியர் அல்லாத ஒருவர் எழுதிய நிரலின் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை எழுதியவரிடமே இருக்கும். ஒப்பந்தத்தில் அந்த வரி கட்டாயம் வேண்டும். அப்புறம், டொமைன், சர்வர், நிரல் சேமிக்கும் கணக்கு, ஆப் ஸ்டோர் கணக்கு எல்லாம் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில் உங்கள் மின்னஞ்சலில் திறக்கப்பட வேண்டும். அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். கடைசியாக, ஒவ்வொரு தவணைப் பணத்துக்கும் முன் அதுவரை எழுதிய நிரல் உங்கள் கணக்கில் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

முதல் பதிப்பில் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஒரு ஆள் ஒரு நாளில் செய்யும் ஒரு வேலை தொடக்கத்திலிருந்து முடிவு வரை. எங்களுக்கு அது அப்பாயின்ட்மென்ட். எக்ஸ்ரே, பில், மருந்துச் சீட்டு எதுவும் கிடையாது. அரைகுறையாக ஐந்து வேலை இருந்தால் அந்த அம்மா நோட்டையும் வைத்துக்கொண்டு மென்பொருளிலும் பதிவு செய்ய வேண்டி வரும். இரட்டை வேலையை யாரும் ஒரு வாரத்துக்கு மேல் பொறுக்கமாட்டார்கள்.

முதல் வாடிக்கையாளர்கள் எங்கிருந்து வருவார்கள்?

பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டீர்களே, அந்த இடத்திலிருந்து. அவர்கள் சொல்லி அடுத்தவர். எல்லா வகைச் சிறு தொழிலிலும் ஒருவருக்கொருவர் போன் செய்து விசாரிக்கும் ஒரு வட்டம் இருக்கிறது. சப்ளையர்களையும் மறக்காதீர்கள்: பல் லேப் நடத்துபவருக்குப் பத்துக் கிளினிக்குகளின் உள்விவகாரம் தெரியும். விளம்பரத்துக்குப் பணம் செலவழிப்பது இதற்கெல்லாம் பிறகு.

விலை எப்படி வைப்பது?

வேறு துறையிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் குறைவாக வைக்கிறார்கள். தங்கள் தகுதி மீது அவர்களுக்கே சந்தேகம் இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வாங்குபவர் உங்கள் பட்டத்துக்குப் பணம் கொடுக்கவில்லை. தவறிப்போன அப்பாயின்ட்மென்ட்களால் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் வீணாகிறது என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அதில் பாதி மிச்சமானாலும் என்ன மதிப்பு என்று அவரே சொல்லட்டும். விலை அங்கிருந்து வர வேண்டும்.

முதல் சில பேருக்கும் இலவசமாகக் கொடுக்காதீர்கள், சலுகை விலையில் கொடுங்கள். பணம் கொடுக்காதவர் குறை சொல்லமாட்டார், பயன்படுத்தாமல் விட்டுவிடுவார். உங்களுக்குத் தேவை குறை சொல்கிறவர்.

சந்தா முறை என்றால் இன்னொரு கணக்கும் பழக வேண்டும். மாதம் 3 சதவீதம் பேர் விலகுகிறார்கள் என்றால் கேட்கச் சிறியதாக இருக்கும். 100 பேரோடு வருடத்தைத் தொடங்கினால் முடிவில் அவர்களில் 69 பேர்தான் மிச்சம். மாதம் 5 சதவீதம் என்றால் 54. 1 சதவீதம் என்றால் 89. புதியவர்களைச் சேர்க்க ஓடுவதற்கு முன், இருப்பவர்கள் ஏன் போகிறார்கள் என்று போன் செய்து கேட்பது எவ்வளவு லாபம் என்று இந்த மூன்று எண்களைப் பார்த்தாலே தெரியும்.

வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் செய்துகொடுக்கலாமா?

கேட்பதை எழுதி வையுங்கள், செய்வதற்கு முன் "இது இருந்தால் எந்த நேரத்தில் பயன்படுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். ஒருவர் "ரிப்போர்ட் வேண்டும்" என்பார். விசாரித்தால் மாதக் கடைசியில் கணக்காளருக்கு அனுப்ப ஒரே ஒரு எண் தேவைப்பட்டிருக்கும். ஒருவருக்காக மட்டும் தனியாக நிரலைப் பிரித்து மாற்றிக் கொடுப்பது ஆபத்து. நாளடைவில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தனி மென்பொருளைப் பராமரிக்க வேண்டியதாகிவிடும். பெரிய தொகையைக் காட்டினாலும் நான் மறுத்துவிடச் சொல்வேன்.

பழைய நிரல் அலங்கோலமாகிவிட்டது, முழுதாகத் திரும்ப எழுதலாமா என்று நிரலாளர் கேட்கிறார். ஒப்புக்கொள்வதா?

பகுதி பகுதியாக என்றால் சரி. மொத்தமாக என்றால் வேண்டாம். நெட்ஸ்கேப் 1998-ல் தன் பிரவுசரைப் புதிதாக எழுத முடிவெடுத்தது. நெட்ஸ்கேப் 6 வெளிவந்தது 2000 நவம்பரில். அதற்குள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சந்தையைப் பிடித்துவிட்டது.

மற்றவர்களின் தகவலைக் கையாள்வது பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

அந்தப் பயம் நல்லது, அதைக் கைவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், 2018 மே 25 முதல் நடைமுறையில் இருப்பது, உடல்நலத் தகவலைத் தனிப் பாதுகாப்புள்ள வகையாக வைக்கிறது. அமெரிக்காவில் உடல்நலத் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டம் 1996-லிருந்து இருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் எந்த நாட்டிலோ அந்த நாட்டுச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள். கார்டு எண்களை நீங்கள் சேமிக்கவே வேண்டாம், அதற்கென்று இருக்கும் பேமென்ட் நிறுவனத்திடம் விட்டுவிடுங்கள்.

அடுத்தது பேக்கப். 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் தங்கள் நிரலைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு ஊழியர் கவனக்குறைவாக நிஜ டேட்டாபேஸின் தகவலை அழித்துவிட்டார். ஐந்து வகையான காப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் நம்பகமாக வேலை செய்யவில்லை. சில மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகலால் தப்பினார்கள். சுமார் ஆறு மணி நேரத் தகவல் போயேபோய்விட்டது. அனுபவம் மிக்க நிரலாளர்கள் நிறைந்த இடம் அது. நடந்தது அத்தனையையும் அவர்கள் வெளிப்படையாக எழுதியதால்தான் நாமெல்லாம் கற்றுக்கொள்ள முடிகிறது. மாதம் ஒரு முறையாவது பேக்கப்பை எடுத்து ஒரு காலி சர்வரில் திரும்ப ஏற்றி, நேற்றைய நாளின் ஒரு பதிவைத் திறந்து பாருங்கள். இதற்கு நிரல் தெரிய வேண்டியதில்லை, உரிமையாளரே செய்யலாம். நான் செய்கிறேன்.

பழைய வேலையை எப்போது விடலாம்?

பொதுவான பதில் கிடையாது. குடும்பச் செலவுக்கு ஒரு வருடம் தாங்கும் சேமிப்பும், கேட்காமலே சந்தாவைப் புதுப்பித்த சில வாடிக்கையாளர்களும் இருந்தால் நான் தைரியமாகச் சொல்வேன். இரண்டில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் பகுதி நேரமாகத் தொடருங்கள். பக்கத்தில் உட்காரும் வேலைக்கு விடுமுறை நாட்களும் போதும்.

தேர்ந்தெடுத்த துறை ஒத்துவரவில்லை என்று எப்படித் தெரியும்?

சும்மா பாராட்டுகிறார்கள், யாரும் பயன்படுத்துவதில்லை என்பதுதான் முதல் அறிகுறி. சர்வர் இரண்டு மணி நேரம் நின்றுபோய் ஒருவரும் போன் செய்யவில்லை என்றால் அது இன்னும் தெளிவான அறிகுறி. அப்படியானால் துறையை மாற்றுவதற்கு வெட்கப்பட வேண்டாம். ஆனால் அதற்கு முன், நீங்கள் உங்களுக்காகச் செய்துகொண்ட கருவிகள் எவை என்று பாருங்கள். இணையக் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபை, டோபியாஸ் லுட்கே தன் பனிச்சறுக்குப் பலகைக் கடைக்காக 2004-ல் எழுதிய இணையக் கடையிலிருந்து 2006-ல் வந்தது. ஸ்லாக், கிளிட்ச் என்ற விளையாட்டைச் செய்த குழு தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருந்த கருவி. விளையாட்டு 2012 இறுதியில் மூடப்பட்டது, ஸ்லாக் 2014-ல் எல்லோருக்கும் திறக்கப்பட்டது.

மூடும் விதமும் முக்கியம். கிளிட்ச் குழுவினர் விளையாடியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார்கள், அடுத்த வருடம் விளையாட்டின் ஓவியங்களைப் பொதுப் பயன்பாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். சிறிய அளவிலும் அதே மரியாதை வேண்டும். நிறுத்தப் போகும் தேதியைச் சில மாதம் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரின் தகவலையும் எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்பாக எடுத்துக் கொடுங்கள். எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கக் குறிப்பும் சேருங்கள். முன்கூட்டிக் கட்டிய சந்தாவில் மிச்சமுள்ள மாதங்களுக்கான பணத்தை, கேட்பதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுங்கள்.